யாரால் என்று சொல்லாத வாக்கியம்

ஆங்கில இலக்கணத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் எதை மறந்தாலும் ‘வாய்ஸ்’ மாற்றுவதை மறக்க மாட்டார்கள். ராமா கில்டு ராவணா. ராவணா வாஸ் கில்டு பை ராமா. முன்னால் நிற்பவரைப் பின்னால் அனுப்பு, பின்னால் இருப்பவரை முன்னால் கொண்டு வா, நடுவில் ஒரு ‘வாஸ்’, வினைச்சொல்லுக்கு மூன்றாம் வடிவம், கடைசியில் ‘பை’. முடிந்தது. ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தின் தயவில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிறோம். (அந்த ரென், பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். அவருடைய நாவலைப் படித்த இந்தியர்களைவிட அவருடைய பயிற்சிகளைச் செய்து களைத்த இந்தியர்கள் பல மடங்கு இருப்பார்கள்.)

இந்தப் பயிற்சி கடினமானது என்று யாரும் குறை சொல்ல முடியாது. அதன் குறையே அது சுலபமாக இருப்பதுதான். சமன்பாட்டின் இரண்டு பக்கங்களைப் போல இரண்டு வாக்கியமும் ஒன்றே என்ற எண்ணத்தை அது மனதில் ஊன்றிவிடுகிறது. ஒன்றே என்றால் ஒரு மொழி எதற்காக இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. பயிற்சியோடு ஒரு சலுகையும் சொல்லித் தருவார்கள். ‘பை பீப்பிள்’, ‘பை சம்படி’, ‘பை தி போலீஸ்’ என்றெல்லாம் வந்தால் எழுத வேண்டியதில்லை, விட்டுவிடலாம். திருடன் கைது செய்யப்பட்டான் என்றால் போலீஸ்தான் செய்திருக்கும். அதைத் தனியாகச் சொல்வானேன்? மார்க் குறையாது. எனக்கு இந்தச் சலுகைதான் முழு இலக்கணத்தையும்விட முக்கியமாகப் படுகிறது. யாரை விட்டுவிடலாம், விட்டால் யாருக்கு லாபம் என்பதெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளியை விட்டு வெளியே வந்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால் நேர் எதிரான உபதேசம் காத்திருக்கிறது: பாஸிவ் பக்கமே போகாதே. கார்னெல் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு புத்தகம், 1959இல் அவருடைய பழைய மாணவர் இ.பி. ஒயிட் கைபட்டு அமெரிக்கக் கல்லூரிகளின் வேதமானது. செய்வினையிலேயே எழுது என்பது அதன் கட்டளைகளில் ஒன்று. பிறகு மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் அந்தப் பகுதியில் திருத்திக் காட்டப்பட்டிருந்த நான்கு உதாரணங்களை எடுத்துப் பார்த்தார். அவற்றில் ஒன்றுதான் செயப்பாட்டு வினை. மற்ற மூன்றும் வேறு வகையில் சோம்பலான வாக்கியங்கள், அவ்வளவே. எதைத் தவிர்க்கச் சொல்கிறோம் என்றே தெரியாமல் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜார்ஜ் ஆர்வெல் கதை இன்னும் சுவையானது. அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி அவர் 1946இல் எழுதிய கட்டுரையின் முடிவில் வரும் விதிகளில், செய்வினை இருக்கும் இடத்தில் செயப்பாட்டு வினை கூடாது என்பதும் ஒன்று. 1989இல் வந்த மெரியம்-வெப்ஸ்டர் வழக்கு அகராதி அந்தக் கட்டுரையையே கணக்கெடுத்தது. பத்திரிகைகளில் எடுத்த கணக்குகளில் செயப்பாட்டு வினை அதிகபட்சம் 13 விழுக்காடு. ஆர்வெலிடம் 20க்குச் சற்று மேல். இதைச் சொல்லி ஆர்வெலைக் கேலி செய்வது இலக்கணக்காரர்களின் பொழுதுபோக்கு. நான் அதில் சேர மாட்டேன். அந்தக் கட்டுரையில் நெஞ்சைத் தொடும் இடமே செயப்பாட்டு வினையில்தான் இருக்கிறது. கிராமங்கள் வானிலிருந்து தாக்கப்படுவதையும், மக்கள் விரட்டப்படுவதையும், மாடுகள் சுடப்படுவதையும், குடிசைகள் எரிக்கப்படுவதையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இதற்குத்தான் அமைதிப்படுத்துதல் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்கிறார். விமானம் ஓட்டியவன் யார் என்று அங்கே அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம் கண் விமானத்தின் பின்னால் போயிருக்கும். அவருக்கு நாம் குடிசையைப் பார்க்க வேண்டும். அந்த வாக்கியத்தில் உண்மையை மறைப்பது ‘அமைதிப்படுத்துதல்’ என்ற பெயர்ச்சொல். செயப்பாட்டு வினைகள் அத்தனையும் அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

செயப்பாட்டு வினைக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்தவர்கள் அரசியல்வாதிகள். 1987 ஜனவரியில் ஈரானோடு நடந்த ஆயுத பேரம் அம்பலமாகியிருந்த நேரத்தில், ரீகன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, பெரிய தவறுகள் செய்யப்பட்டன என்றார். செய்தவர் பேர் அந்த வாக்கியத்தில் இல்லை. வில்லியம் ஷ்னைடர் என்ற அரசியல் விமர்சகர் இந்த வகை வாக்கியத்துக்கென்று ஒரு புது ‘டென்ஸ்’ கண்டுபிடித்தார்; தமிழில் அதைப் பாவமன்னிப்பு இறந்தகாலம் என்று சொல்லலாம். ஆனால் 1876இல் ஜனாதிபதி கிராண்ட் தன் கடைசி ஆண்டறிக்கையில் இதே செயப்பாட்டு வினையைத்தான் பயன்படுத்தினார். கூடவே அதை நானும் ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டார். இலக்கணம் ஒன்றுதான். ஒருவர் அதற்குள் ஒளிந்துகொண்டார், இன்னொருவர் அதன் ஓரமாக வெளியே வந்து நின்றார்.

ஒளிந்துகொள்ள இந்த இலக்கணம்தான் வேண்டும் என்றும் இல்லை. அதற்கு நம் வீட்டுப் பிள்ளைகளே சாட்சி.

“கண்ணாடி எப்படிடா உடைஞ்சுது?”

“அதுவா விழுந்துருச்சும்மா.”

எந்தக் குழந்தையும் கண்ணாடி என்னால் உடைக்கப்பட்டது என்று சொல்லித் தப்பித்ததில்லை. உடைந்தது, கிழிந்தது, கொட்டியது, தொலைந்தது என்று தமிழில் தானாக நடக்கும் வினைகள் ஏராளமாக இருக்கின்றன. பிறவினைக்குப் பதிலாகத் தன்வினையைப் போட்டால் வேலை முடிந்தது. திராவிட மொழிகளில் உண்மையான செயப்பாட்டு வினையே கிடையாது என்று 1856இல் கால்டுவெல் எழுதினார். ‘படு’ சேர்த்துச் சமாளிக்கிறோம் என்பது அவர் கட்சி. அதை முழுக்க ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பேச்சில் ‘படு’ அபூர்வம் என்பது யாருக்கும் தெரியும். தொல்காப்பியம் இன்னொரு வழியைக் குறித்து வைத்திருக்கிறது: செய்யப்படும் பொருளையே செய்ததுபோலச் சொல்வதும் வழக்குதான் என்கிறது வினையியல். திண்ணை மெழுகிற்று என்பது உரைக்காரர்கள் காட்டும் உதாரணம். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது. சாணியும் தண்ணீருமாகக் குனிந்து மெழுகியவள் ஒருத்தி இருக்கிறாள். உரைக்குள் அவள் வரவில்லை. இரண்டாயிரம் ஆண்டு இலக்கண மரபில் வேலைக்காரியை வாக்கியத்திலிருந்து வெளியே நிறுத்த நமக்கு ஆங்கிலேயர் உதவி தேவைப்படவில்லை.

தன்வினைக்கும் செயப்பாட்டு வினைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட மொழியியல் வகுப்புகளில் ஒரு கப்பலை மூழ்கடிப்பார்கள். காப்பீட்டுப் பணம் வாங்குவதற்காகக் கப்பல் மூழ்கியது என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வரும், கப்பலுக்கு எதற்குப் பணம்? காப்பீட்டுப் பணம் வாங்குவதற்காகக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது என்றால் சிரிப்பு நின்றுவிடுகிறது. யார் என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆள் இருக்கிறான், அவனுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, அவன் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். செயப்பாட்டு வினையில் செய்தவன் காணாமல் போவதில்லை. பேர் மட்டும் எழுதப்படாத நாற்காலி ஒன்று அங்கே போடப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான், தமிழிலும் அப்படித்தான்.

அந்தக் காலி நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இதுதான் எனக்கு இந்த இலக்கணத்தில் பிடித்த விஷயம். இது மிகப் பெரிய அளவில் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: இந்திய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதி. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாக்கியங்கள் இவ்வளவு பேருடைய வாழ்க்கையை இவ்வளவு நேராகத் தொட்டது இந்த நாட்டில் வேறெங்கும் இருக்காது.

பிரிவு 14ஐப் பாருங்கள். எவருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு மறுக்கக் கூடாது. கறாரான செய்வினை, எழுவாய் ‘அரசு’. 15இன் முதல் உட்பிரிவும் அப்படியே: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனுக்கும் எதிராக அரசு பாகுபாடு காட்டக் கூடாது. அடுத்த வரிக்கு, அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவுக்கு வந்தால் எழுவாய் மாறிவிடுகிறது. இப்போது முன்னால் நிற்பவர் குடிமகன். கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடங்களுக்குள் போவதிலும், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலும் எந்தக் குடிமகனும் இந்தக் காரணங்களால் எந்தத் தடைக்கும் ஆளாகக் கூடாது. யார் தடுத்தால்? சொல்லவில்லை. ‘அரசு’ என்ற சொல் எழுவாய் இடத்திலிருந்து போய்விட்டது. கறாரான இலக்கணக்காரர் இதைச் செயப்பாட்டு வினை என்று ஒப்ப மாட்டார், ‘பி சப்ஜெக்ட் டு’ என்பதில் வருவது உரிச்சொல்தான் என்பார். சரிதான். செயப்பாட்டு வினைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்வோம். செய்பவரின் நாற்காலி இதிலும் காலிதான். அதில் டீக்கடைக்காரர் வந்து உட்காரலாம், இரட்டைக் குவளை வைத்தவர் உட்காரலாம், ஊர்க் கிணற்றைச் சுற்றிக் கம்போடு நின்ற பத்துப் பேரும் உட்காரலாம். கலெக்டர் மட்டும் கட்டுப்பட்டால் போதாது என்பதை அந்த வாக்கியம் அதன் உடலமைப்பிலேயே வைத்திருக்கிறது.

அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்த நாள் 1948 நவம்பர் 29. கடை என்றால் என்ன, சலவைக்கடையும் முடிதிருத்தும் கடையும் அதில் சேருமா என்று கேள்வி வந்தது. சேவை கேட்டு வருபவருக்குச் சேவை தரத் தயாராக ஒருவர் இருக்கும் இடமெல்லாம் கடைதான் என்ற விரிந்த பொருளை அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். சட்ட வரைவில் பெயர்ச்சொல்லுக்குத்தான் எப்போதும் சண்டை நடக்கும். எழுவாய் இல்லாமலிருப்பதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்ததாகத் தெரியவில்லை. வேலையோ அங்கேதான் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே நிறைவேறியதுதான் இன்றைய பிரிவு 17. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது தடுக்கப்படுகிறது. ‘இஸ் அபாலிஷ்டு’, ‘இஸ் ஃபர்பிடன்’: இரண்டும் சுத்தமான செயப்பாட்டு வினை, இரண்டிலும் ‘பை’ இல்லை. சென்னை மாகாணத்திலிருந்து போன வி.ஐ. முனிசாமிப் பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதனும் பேசினார்கள். நசிருதீன் அகமது ஒரு மாற்று வாசகம் கொடுத்தார்: மதம், சாதி காரணமாக எவரும் தீண்டத்தகாதவராக நடத்தப்படவோ கருதப்படவோ கூடாது. வக்கீல் மூளைக்கு இது இன்னும் துல்லியமான வாசகம். தீண்டாமை என்றால் என்ன என்ற கேள்விக்குப் பாதிப் பதிலும் அதில் இருக்கிறது. சபை அதை ஏற்கவில்லை. ஏற்காதது நல்லது என்றே நினைக்கிறேன். அகமதுவின் வாக்கியமும் செயப்பாட்டு வினைதான், ஆனால் அது இனிமேல் நடக்கக் கூடாததைச் சொல்கிறது. சபை தேர்ந்தெடுத்த வாக்கியம், சொல்லும்போதே நடந்துவிடுகிற வாக்கியம். சொல்வதே செயலாகும் இத்தகைய வாக்கியங்களைப் பற்றி ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் உரைகள் நிகழ்த்தினார். பயணிகள் எச்சரிக்கப்படுகிறார்கள் என்ற ரயில்வே பலகை வாசகம் போன்ற செயப்பாட்டு வினைகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். எச்சரிப்பவர் பேர் பலகையில் இருப்பதில்லை. பலகை நிற்கும் இடமே எச்சரிக்கிறது. பிரிவு 17இல் ஒழிப்பவர் யார் என்று தேடினால் முகப்புரைக்குத்தான் போக வேண்டும். இந்திய மக்களாகிய நாம் என்று அங்கே ஓர் எழுவாய் இருக்கிறது. அத்தனை பக்கம் தள்ளி நிற்கும் எழுவாய்.

கேட்க இதெல்லாம் நன்றாக இருக்கிறது, நீதிமன்றத்தில் செல்லுமா என்றால், சென்றிருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டப்பட்டபோது, அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்துவந்த ஜமாதார்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. வேலையாட்கள் ஒப்பந்தக்காரருடையவர்கள், எங்களுக்கென்ன என்பது அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று. நீதிபதி பகவதியின் தீர்ப்பு, அடிப்படை உரிமைகளில் பல அரசுக்கு எதிரானவை என்றாலும் 17, 23, 24 போன்றவை உலகம் முழுவதற்கும் எதிராகச் செல்லும் என்றது. அந்த எண்களை அவர் பொறுக்கியெடுத்த விதத்தைப் பாருங்கள். தீண்டாமை ஒழிக்கப்படுகிறது. மனித வணிகமும் வெட்டி வேலையும் தடை செய்யப்படுகின்றன. 14 வயதுக்குட்பட்ட குழந்தை எதுவும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு அமர்த்தப்படக் கூடாது. மூன்றும் ‘பை’ இல்லாத செயப்பாட்டு வினைகள். காலியாக விடப்பட்ட நாற்காலியில் ஜமாதாரைப் பிடித்து உட்கார வைத்தது நீதிமன்றம்.

இதனால் இலக்கணமே தீர்ப்பு எழுதிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இதற்கு எதிரான கதையும் உண்டு. 1951இல் ஒரு பங்குதாரர், வங்கி தன் பங்குகளை விற்றுவிட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவரும் சொத்தை இழக்கச் செய்யப்படக் கூடாது என்று அப்போதிருந்த பிரிவு 31 சொன்னது. அதில் ‘அரசு’ என்ற சொல் இல்லையே, ஆகவே வங்கியும் கட்டுப்பட்டதுதானே என்பது வாதம். தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி ஒப்பவில்லை. உயிருரிமையைச் சொல்லும் பிரிவு 21இல்கூட ‘அரசு’ இல்லை. அதற்காக ஒருவர் உயிரை இன்னொரு தனி ஆளிடமிருந்து காப்பதற்காக அது எழுதப்பட்டது என்று சொல்ல முடியுமா என்று திருப்பிக் கேட்டார். சட்டம் வகுத்த நடைமுறைப்படியே அல்லாமல் என்ற அதன் பின்பகுதியே அதை மறுக்கிறது என்றார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘பை லா’ என்று வருகிறது. பிரதான வினைக்கு இல்லாத ‘பை’, வாக்கியத்தின் வாலில் வேறொரு சின்ன வினையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அதைக் கையில் எடுத்துக் கதவைச் சாத்திவிட்டார். அந்தக் கதவைத் திறக்க 71 ஆண்டுகள் ஆயின. 2023 ஜனவரியில் ஐவர் அமர்வில் நால்வர், 19, 21ஆம் பிரிவுகளின் உரிமைகளை அரசல்லாதவர்களுக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்றார்கள். 1951க்கும் 2023க்கும் இடையில் பிரிவு 21இன் வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

தடை விதிக்கும்போது யாரால் என்று சொல்லாமலிருப்பது அகலம். கடமை விதிக்கும்போது அதே மௌனம் ஓட்டை. பாதுகாப்புக் கருவிகள் வழங்கப்பட வேண்டும், பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும், இழப்பீடு வழங்கப்பட வேண்டும் — நம் அரசாணைகளும் டெண்டர் ஆவணங்களும் இப்படித்தான் பேசுகின்றன. எவரும் செய்யக் கூடாது என்றால் எல்லோரும் அகப்படுவார்கள். எவராவது செய்ய வேண்டும் என்றால் எல்லோரும் நழுவிவிடுவார்கள். சட்டம் எழுதுவது எப்படி என்று 1840களில் இங்கிலாந்தில் எழுதிய ஜார்ஜ் கூட், யார் செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல் என்று வற்புறுத்தியது இதனால்தான். செய்வினை போட்டால் மட்டும் தப்பிக்க முடியாது என்பதும் கிடையாது. பத்தாண்டுகளுக்குள் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று பழைய பிரிவு 45 சொன்னது. எழுவாய் கல்வெட்டுப்போல நிற்கிறது. நழுவல் ‘முயல’ என்ற வினையில் இருக்கிறது. ‘அரசு வழங்க வேண்டும்’ என்று 21ஏ பிரிவு வருவதற்கு 2002இல் 86ஆம் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குற்றவியல் சட்டம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கிறது. மெக்காலே வரைவில் தொடங்கி 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வாக்கிய அச்சு ஒன்றுதான்: ‘ஹூஎவர்’ என்று தொடங்கும், ‘ஷல் பி பனிஷ்டு’ என்று முடியும். கொலை செய்பவர் எவரோ அவர் தண்டிக்கப்படுவார். குற்றவாளியின் செயல் செய்வினையில், தண்டிப்பவரின் செயல் செயப்பாட்டு வினையில். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதே அச்சில் வந்தது, ஒரு முக்கியமான சேர்க்கையோடு: பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத எவரொருவர் என்று அது எழுவாயை விவரித்தது. 1950இல் தீண்டாமை ஒழிக்கப்பட்டபோது ஒழிக்கப்படுவதைச் செய்துகொண்டிருந்தவர்கள் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. 39 ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் சொன்னது. நம் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமையைப் பாவம், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்றது என்று சொல்லும் மூன்று வாக்கியங்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அவற்றில் செய்வினையும் இல்லை, செயப்பாட்டு வினையும் இல்லை, வினையே இல்லை.

தண்டனைப் பக்கத்துக்கு வருவோம். மரண தண்டனை பெற்றவர் சாகும்வரை தூக்கிலிடப்பட வேண்டும் என்று தீர்ப்பில் எழுத வேண்டிய வாசகத்தை 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வகுத்துக் கொடுத்தது. ஆங்கிலத்தில் அது ‘பி ஹேங்டு பை தி நெக்’. நம் பள்ளிப் பயிற்சிப்படி ‘பை’க்குப் பின்னால் வர வேண்டியவர் செய்தவர். இங்கே வருவது கழுத்து. தூக்கிலிடுபவர் நிற்க வேண்டிய இடத்தில், தூக்கிலிடப்படுபவருடைய கழுத்தையே கொண்டுவந்து வைத்திருக்கிறது ஆங்கிலம். திட்டமிட்டு யாரும் இப்படிச் செய்யவில்லை, பழைய மரபுத்தொடர்தான். இருந்தாலும் அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அங்கே கண் நின்றுவிடும்.

கடைசியாக ஒரு செய்தித் தலைப்பு. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய இருவர் விஷவாயு தாக்கிப் பலி. ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது. முழுக்க முழுக்கச் செய்வினை. ஸ்ட்ரங்க் பார்த்தால் மார்க் போடுவார். இறங்கியவர்கள் அவர்கள், தாக்கியது வாயு. வாயுமேல் வழக்குப் போட முடியாது. 2013இன் சட்டம், அபாயகரமான கழிவுநீர்த் தொட்டிச் சுத்தத்துக்கு எந்த நபரோ உள்ளாட்சி அமைப்போ முகமையோ எவரையும் அமர்த்தக் கூடாது என்று மூன்று எழுவாய்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறது. 2014இல் இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைப்பு எழுதும் மேசைக்கு அந்த மூன்று எழுவாய்களில் ஒன்றுகூட வந்து சேர்வதில்லை.

துணையாசிரியரின் சங்கடமும் புரிகிறது. இன்னார் இருவரைத் தொட்டிக்குள் இறக்கினார் என்று செய்வினையில் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். விசாரணை முடியவில்லை, பேர் உறுதியாகவில்லை. இந்த இடத்துக்கென்றே செய்து வைத்ததுபோல ஓர் இலக்கணம் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட இருவர் சாவு. யார் பேரும் இல்லை, அவதூறும் இல்லை, எழுத்துகூடச் சில குறைச்சல்தான். படிக்கிறவர் மட்டும், யார் இறக்கியது என்று கேட்டுவிடுவார்.